புஸ்ஸுனு பொங்குற ஜூஸ்: குடிக்கலாமா, கொட்டலாமா?

மூடியைத் திறந்ததும் புஸ்ஸுனு சத்தம், மேல நுரை, லேசா கள் வாடை. ஆசையா போட்டு வச்ச திராட்சை ஜூஸ் இப்படி ஆச்சுன்னா வீட்டுல உடனே ரெண்டு கட்சி கிளம்பிடும். "இட்லி மாவு புளிச்சா சுட்டுச் சாப்பிடறதில்லையா? அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது"ன்னு மாமியார் கட்சி. "ஐயோ விஷம், மொதல்ல கொட்டு"ன்னு வீட்டுக்காரர் கட்சி. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதிதான் சரி. எது எங்க பொருந்தும்னு தெரிஞ்சுக்கிட்டா நீயே முடிவு பண்ணிடலாம், தங்கச்சி.

பழம் எதுவா இருந்தாலும் அதோட தோல்மேல ஈஸ்ட் இருக்கும். திராட்சைமேல பவுடர் பூசுன மாதிரி தெரியுதே, அதுதான் ஈஸ்ட்டுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல, அது பழத்தோட இயற்கையான மெழுகு. ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியாது. பழத்தை நசுக்கினதும் இந்த ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை கிடைச்சிடுது. அதைத் தின்னுட்டு ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் வெளியே விடுது. சத்தம், நுரை, கள் வாடை எல்லாம் அதோட வேலைதான். கூடவே லாக்டிக் பாக்டீரியா சேர்ந்தா புளிப்பு ஏறும். காத்து பட்டுக்கிட்டே இருந்தா இன்னொரு வகை பாக்டீரியா வந்து அந்த ஆல்கஹாலை வினிகரா மாத்தும். இதுவரைக்கும் சொன்ன எதுவும் விஷம் இல்ல. மாமியார் ஜெயிக்கிறது இதுவரைக்கும்தான்.

ஏன்னா இட்லி மாவை நாம புளிக்க வைக்கிறோம், அப்புறம் ஆவியில வேகவும் வைக்கிறோம். ஜூஸ் தானா புளிச்சது, அதை அப்படியே பச்சையா வாயில ஊத்திக்கப் போறோம். ஈஸ்ட்டுக்கு வசதியா இருந்த அந்த ரெண்டு நாள், வேற எந்தக் கிருமிக்கெல்லாம் வசதியா இருந்துச்சுன்னு நுரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நோய் தர்ற கிருமிகள்ல பலதுக்கு வாடையே கிடையாது. அதனால "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு"ங்கிறது ஒரு சாட்சியே இல்ல.

அப்போ எதை வச்சு முடிவு பண்றது? மொதல்ல பழத்தோட புளிப்பைப் பாரு. புளிப்பை அளக்குற பி.ஹெச். கணக்குல 4.6-ங்கிறது முக்கியமான கோடு. அதுக்குக் கீழ இருந்தா, பொட்டுலிசம்ங்கிற கொடுமையான நோயை உண்டாக்குற கிருமி வளர முடியாது. எலுமிச்சை, திராட்சை, அன்னாசி, ஆரஞ்சு எல்லாம் கோட்டுக்குக் கீழ இருக்கிற கூட்டம். பப்பாளி, தர்பூசணி, முலாம்பழம் மூணும் கோட்டுக்கு மேல. வாழைப்பழம் கோட்டை ஒட்டியே நிக்கும், பெரும்பாலும் மேலதான். மாம்பழம் ரகத்தையும் கனிவையும் பொறுத்து ரெண்டு பக்கமும் போகும்.

திராட்சை, அன்னாசி ஜூஸ் ஃப்ரிட்ஜ்லயே இருந்து, ஒண்ணு ரெண்டு நாள்ல லேசா நுரைச்சிருக்கு, பூசணம் இல்ல, கொழகொழப்பு இல்லன்னா, ஆரோக்கியமா இருக்கிற பெரியவங்க தெரியாம ஒரு டம்ளர் குடிச்சிட்டதுக்காகப் பதற வேண்டாம். ஆனா தெரிஞ்சே எடுத்துக் குடிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? ருசியும் போச்சு. புளிப்பு இருந்தாலே பத்திரம்னும் இல்ல. 1996-ல அமெரிக்காவுல கொதிக்க வைக்காத ஆப்பிள் ஜூஸ்ல இ.கோலி கிருமி இருந்து அறுபதுக்கும் மேற்பட்டவங்க படுத்தாங்க, ஒரு குழந்தை இறந்தே போச்சு. ஆப்பிள் ஜூஸ் நல்ல புளிப்புதான், அதுலயே அந்தக் கிருமி தாக்குப்பிடிச்சது. அதனால குழந்தைங்க, மாசமா இருக்கிறவங்க, வயசானவங்க, புற்றுநோய் சிகிச்சை, சிறுநீரகச் சிகிச்சைனு போயிட்டிருக்கிறவங்க இருக்கிற வீட்டுல நுரைச்ச ஜூஸுக்கு ஒரே இடம் சிங்க்தான்.

தர்பூசணி, முலாம்பழம், பப்பாளி, சப்போட்டா, வாழைப்பழம் விஷயத்துல யாரோட உடம்பு எப்படின்னு பார்க்கவே வேண்டாம். நுரைச்சாலோ, புளிச்சாலோ, நாக்குல சுருக்குனு பட்டாலோ கொட்டிடு. மில்க் ஷேக், கஸ்டர்ட் ஊத்தின ஃப்ரூட் சாலட் மாதிரி பால் சேர்ந்ததுக்கும் இதேதான். இன்னொண்ணும் சொல்றேன்: லிஸ்டீரியான்னு ஒரு கிருமி ஃப்ரிட்ஜ் குளிர்லயே வளரும். 2011-ல அமெரிக்காவுல முலாம்பழம் மூலமா அது பரவி முப்பதுக்கும் மேல உயிர் போச்சு. வெட்டின முலாம்பழத்தை நாள் கணக்குல டப்பாவுல வச்சுக்கிட்டு இருக்காதே. வெட்டுறதுக்கு முன்னாடி தோலைக் கழுவணும். தோல்ல இருக்கிறதைத்தான் கத்தி உள்ள கொண்டு போகுது.

பலாப்பழம் தனிக் கதை. 2025 ஜூலையில கேரளாவுல பந்தளம் அரசு பஸ் டிப்போவுல, குடிக்கவே குடிக்காத டிரைவர்கள் மூச்சுப் பரிசோதனையில மாட்டிக்கிட்டாங்க. விசாரிச்சா, எல்லாரும் காலையில பலாச்சுளை சாப்பிட்டிருக்காங்க. கருவியில சுத்தமா வந்த ஒருத்தரைச் சாப்பிட வச்சுத் திரும்ப ஊதச் சொன்னா, அவருக்கும் காட்டுது! நல்லா கனிஞ்ச பலா அவ்வளவு சீக்கிரம் நொதிக்கும். நம்ம வீட்டுலயும் பார்த்திருப்பே. சுளையை மூடி போட்ட டப்பாவுல போட்டு மேடையிலயே விட்டா, மறுநாள் அடியில ஒரு கரண்டி தண்ணி விட்டிருக்கும், அதுல குட்டிக் குட்டிக் குமிழ் ஓடும், சுளையைத் தொட்டா விரல்ல நூலா இழுக்கும். நூல் இழுத்தா எறிஞ்சிடு. வாடை மாறியிருந்தாலும் அதேதான். நல்லா கனிஞ்ச சுளையைச் சாப்பிட்டுட்டு உடனே வண்டி எடுக்க வேண்டாம். மிச்சத்தைக் கொட்டையை நீக்கி அன்னிக்கே ஃப்ரீசர்ல வச்சிடு.

ஆல்கஹால்னு சொன்னதும் உனக்கு ஒரு பயம் வந்திருக்கும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அறுபதுக்கும் மேல செத்தாங்களே, அந்த மெத்தனால் இந்த ஜூஸ்லயும் வருமான்னு. பழத்துல இருக்கிற பெக்டின்ல இருந்து துளியூண்டு மெத்தனால் வரும், உண்மைதான். புதுசா பிழிஞ்ச ஜூஸ்லயே அது கொஞ்சம் இருக்கு. கள்ளச்சாராயத்துல ஆளைக் கொல்றது தானா ஊறுற இந்தத் துளி இல்ல, மெத்தனாலையே கலந்து விக்கிறது. நுரைச்ச ஜூஸுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

நீ பயப்பட வேண்டியது பூசணத்துக்கு. ஜாம்மேல பச்சையாவோ வெள்ளையாவோ பஞ்சு மாதிரி ஒரு பொட்டு வந்தா, நம்ம வீடுகள்ல அதை ஸ்பூனால வழிச்சுப் போட்டுட்டு அடியில இருக்கிறதைச் சாப்பிடுறது பழக்கம். தயவுசெஞ்சு வேண்டாம். மேல தெரியுறது கொஞ்சம்தான், மெத்துனு இருக்கிற பண்டத்துல அதோட இழை கண்ணுக்குத் தெரியாம உள்ள இறங்கியிருக்கும். சில பூசணங்கள் விடுற நஞ்சு அடுப்புல வச்சாலும் போகாது. அழுகின ஆப்பிள்ல வர்ற பட்டுலின் அப்படிப்பட்டதுதான். உலக அளவுல ஆப்பிள் ஜூஸ்ல லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு அதுக்கு வரம்பே வச்சிருக்காங்க. "பாதி அழுகியிருக்கு, நறுக்கிட்டு குழந்தைக்கு மசிச்சுக் கொடுத்திடுறேன்"னு சொல்லாதே. ஜூஸ் கடைக்காரர் அழுகினதைச் சீவிட்டு மிக்ஸியில போடுறதை நீ பார்த்துட்டா, அங்கிருந்து நகர்ந்திடு.

"கொதிக்க வச்சா சரியாயிடாதா"ன்னு கேட்பே. கொதிக்க வச்சா ஈஸ்ட் சாகும், பெரும்பாலான கிருமி சாகும், ஆல்கஹாலும் குறையும். ஆனா பூசணத்தோட நஞ்சு போகாது. கையில இருந்து உணவுக்குப் போற ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி விடுற நஞ்சும் கொதியைத் தாங்கும். புளிச்ச மாம்பழக் கூழைப் பாயசத்துல ஊத்தி மறைக்கிற யோசனை இருந்தா விட்டுடு.

இப்போ பஞ்சாமிர்தம். ஊருக்குப் போயிட்டு வர்றவங்க ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்து, வீட்டுல நாலஞ்சு சேர்ந்திடும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பழனிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்த்துச் செய்யறது. ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்க மாட்டாங்க. அவ்வளவு சர்க்கரை இருக்கிற இடத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் சர்க்கரையே பிடிச்சு வச்சுக்கும், கிருமிக்குக் குடிக்கத் தண்ணி மிஞ்சாது. அது கெடாம இருக்கிறதோட சூட்சுமம் அவ்வளவுதான். அதைக் கெடுக்கிறது பெரும்பாலும் நம்ம ஈர ஸ்பூன். கழுவின கையோட, சொட்டு நிக்கிற ஸ்பூனை உள்ள விட்டா, அந்த இடத்துல சர்க்கரை நீர்த்துப் போய் ஈஸ்ட்டுக்கு வழி திறந்திடும். கொஞ்ச நாள்ல மேல் பரப்பு தளர்ந்து, பொத்தல் பொத்தலா குமிழ் வந்து, நெய் வாசனைக்குப் பதிலா கள் வாடை அடிக்கும். வீட்டுல போடுற சர்க்கரை குறைச்ச ஜாமுக்கும் இதே கதிதான். கடை ஜாம்ல கரைஞ்ச சர்க்கரைச் சத்து 65 சதவீதம் அளவுக்கு இருக்கும். "உடம்புக்கு நல்லது"ன்னு அதை நீ பாதியாக் குறைச்சா, அது ஜாம் இல்ல, பழக்கூழ். ஃப்ரிட்ஜ்ல வச்சுச் சீக்கிரம் தீர்த்திடணும்.

பஞ்சாமிர்தத்தை வாங்கினதும் உலர்ந்த சின்னச் சின்ன பாட்டில்ல பிரிச்சு வை. ஒண்ணை மட்டும் வெளியே வச்சு, மிச்சத்தைக் குளிர்ல வை. மூடி உப்பின டப்பா வந்தா சாப்பிடறதுக்குன்னு திறக்காதே. பிரசாதத்தைக் குப்பையில போட மனசு வராதுதான். கால் படாத இடமா பார்த்து ஒரு செடி மூட்டுல மண்ணைத் தோண்டிப் போட்டு மூடிடு, அதுக்காக வயித்துல போட்டுக்கணும்னு இல்ல. ரொம்ப முக்கியமா ஒண்ணு: ஒரு வயசு நிறையாத குழந்தை நாக்குல நல்ல பஞ்சாமிர்தத்தைக்கூடத் தடவாதே. தேன்ல இருக்கக்கூடிய பொட்டுலிசம் வித்து பெரியவங்களை ஒண்ணும் பண்ணாது, அந்தப் பிஞ்சு வயித்துல முளைச்சு விஷம் விடும். பாட்டி கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

உப்பின பாட்டிலைக் கொட்டுறதுக்காகத் திறக்கிற விதமும் தெரிஞ்சிருக்கணும். உள்ள அடைபட்ட வாயு கண்ணாடி பாட்டிலையே வெடிக்க வைக்கும். மொதல்ல ரெண்டு மூணு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வை, குளிர்ல வாயு அடங்கும். அப்புறம் சிங்க்குக்குள்ள வச்சு, மேல கெட்டியான ஈரத்துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு, மூடியை ஒரு நூல் திருகு. சத்தம் நின்னதும் இன்னொரு நூல். பாட்டில்ல ஜூஸ் ஊத்தி வைக்கும்போதே கழுத்து வரைக்கும் நிரப்பாதே.

வராம தடுக்கிறதுக்குப் பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. வெட்டின பழம், பிழிஞ்ச ஜூஸ் வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல வெயில்னா ஒரு மணி நேரம்தான். நம்ம ஊர் மே மாசத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கணக்குன்னு வச்சுக்கோ. ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில இருக்கணும். ராத்திரி ஊறப்போட்ட உலர் திராட்சையில காலையில குமிழ் கட்டியிருக்கேன்னு அடிக்கடி கேட்பியே, அதுக்கும் இதான் பதில். கோடைக்கு அதை ஃப்ரிட்ஜ்லயே ஊறவை. டெட்ரா பாக்கெட் ஜூஸ்ல போட்டிருக்கிற தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு மட்டும்தான். பிரிச்சதுக்கு அப்புறம் எத்தனை நாள்னு பக்கவாட்டுல சின்ன எழுத்துல இருக்கும், படி. பிரிக்காமலே உப்பியிருந்தா கடையிலயே திருப்பிக் கொடுத்திடு.

யாராவது ஏற்கெனவே குடிச்சிட்டாங்கன்னா சில நாள் கவனி. வாந்தி, பேதின்னா ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் கொடுத்துக்கிட்டே இரு. மலத்துல ரத்தம், கடுமையான காய்ச்சல், சிறுநீர் போகாம இருக்கிறதுன்னா ஆஸ்பத்திரி. கண்ணு ரெண்டாத் தெரியுது, இமை தொங்குது, பேச்சு குழறுதுன்னா நேரம் பார்க்காம 108-ஐக் கூப்பிடு.

சந்தேகம் வந்தா எனக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பி "அக்கா, இது ஓகேவா"ன்னு கேட்காதே. போட்டோவுல வாடையும் வராது, கிருமியும் தெரியாது. கொட்டிட்டு, பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவி, கொதிதண்ணி ஊத்தி அலசி, வெயில்ல கவுத்து வை.