ஐப்பசி அடைமழைக்கு முன்: தோட்டவீட்டில் இப்போதே முடிக்க வேண்டியவை

புரட்டாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். சில ஆண்டுகளில் ஒரு வாரம் முன்பின் ஆகும். ஆக, கையில் இருப்பது நான்கு வாரம். மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எட்டாத தோட்டவீடுகளில், காட்டுச் சாளைகளில் குடியிருப்பவர்களுக்கு ஆண்டிலேயே வேலை மிகுந்த காலம் இதுதான். ‘புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்’ என்று பெரியவர்கள் சொல்வது சரியான கணக்கு. காய வைக்க வேண்டியதையெல்லாம் இந்த வெயிலிலேயே காய வைத்துவிடுங்கள். பிடிக்க வேண்டிய தண்ணீருக்கு இப்போதே வழி செய்துவிடுங்கள். அடைமழை பிடித்துக்கொண்டால் இரண்டுமே நடக்காது. (நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் மழைக் கணக்கு வேறு, அங்குள்ளவர்கள் நாட்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.)

முதல் வேலை தண்ணீர். சோலார், சாண எரிவாயு என்று ஆசையாகப் பணத்தைப் போட்டுவிட்டு, மாசியில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு. கையிலுள்ள பணம் ஒரு காரியத்துக்குத்தான் போதும் என்றால் தொட்டி கட்டுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் சராசரியாகச் சுமார் 440 மில்லிமீட்டர் பெய்கிறது. 50 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 540 சதுர அடி ஓட்டுக்கூரையில், சிதறலுக்கும் ஆவியாவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 17,600 லிட்டர் தேறும். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் போதும். தை முதல் புரட்டாசி முடிய 270 நாளுக்கு 6,750 லிட்டர். அப்படியானால் 7,000 அல்லது 8,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் ஆண்டு முழுக்கக் குடிநீருக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். குளிக்கவும் துணி துவைக்கவும் மாட்டுக்கும் கிணற்றுத் தண்ணீர் இருக்கட்டும். மழைத் தண்ணீரை அடுப்படிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழை குறைந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் மழையளவை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வாரமே கூரைமேல் ஏறிச் சருகையும் பறவை எச்சத்தையும் பெருக்கித் தள்ளுங்கள். கூரைமேல் கவிந்த கிளைகளை வெட்டுங்கள். எலியும் அணிலும் அந்த வழியாகத்தான் வருகின்றன. உடைந்த ஓட்டை மாற்றுங்கள். பழசாகி நார் உதிரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து குடிநீர் பிடிக்க வேண்டாம். ஓலைக்கூரைத் தண்ணீர் பழுப்பாக இறங்கும், அதுவும் செடிக்குத்தான்.

முதல் மழை கூரையைக் கழுவிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. குழாய் தொட்டியை அடையும் முன் ஒரு கிளை பிரித்து அதன் அடியில் ஒரு டிரம் வையுங்கள். 50 சதுர மீட்டர் கூரைக்கு 100 லிட்டர் டிரம் என்றால் முதல் இரண்டு மில்லிமீட்டர் மழை அதில் அடங்கிவிடும். அது நிறைந்த பிறகுதான் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். டிரம்மின் அடியில் சொட்டுச் சொட்டாக வடியும்படி சிறு குழாய் ஒன்று இருந்தால் அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். வடிகட்டியில் உள்ள ஜல்லியையும் மணலையும் அள்ளிக் கழுவி வெயிலில் காய வையுங்கள். கரியை ஆண்டுக்கொருமுறை புதிதாக மாற்றியே ஆக வேண்டும்.

தொட்டிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும், கொசு புகுந்தால் டெங்கு வரும். மூடியை இறுக்கி, வழிந்தோடும் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பது அதைவிட நல்லது. தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கல் தெளியும். ஆனால் கிருமி சாகாது. அதன்பிறகும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்பட மூடிக்கிடந்த தொட்டிக்குள்ளோ ஆழக்கிணற்றுக்குள்ளோ சுத்தம் செய்யத் தனியாக இறங்காதீர்கள். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையவில்லை என்பதால் பயமில்லை என்று நம்புவது தவறு. விளக்கை அணைக்காத நச்சுக்காற்றும் உண்டு. உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து இறந்துபோவது தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. நீண்ட துடைப்பமும் வாளியும் கொண்டு மேலிருந்து செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். மிச்சத்துக்குத் தீயணைப்புத் துறையைக் கேளுங்கள்.

கிணற்றில் ராட்டினமும் கயிறும் வாளியும் இல்லையென்றால் இந்த மாதமே மாட்டிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டாரை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்கு, நிலத்தடியில் தண்ணீர் இருந்தும் மேலே வரவில்லை.

அடுத்தது விதையும் தானியமும். பயறுவண்டு தோட்டத்திலேயே காயின்மேல் முட்டை வைத்துவிடும். நாம் அறுத்துக்கொண்டு வந்து பானையில் போட்ட பிறகு பொரித்துப் பெருகும். இந்த வெயிலில் நன்றாகக் காய்ந்த பயறை அது அவ்வளவாகத் தொடாது. கடித்துப் பாருங்கள்: நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, ‘கடக்’கென்று உடைந்தால் போதும். உணவுப் பயறை எந்த வெயிலிலும் காய வைக்கலாம். விதைக்கென்று எடுத்து வைத்ததைக் காலை 8 முதல் 12 வரையும் மாலை 3 முதல் 5 வரையும் பாயில் பரப்புங்கள். உச்சிவெயில் முளைப்பைக் கெடுக்கும். காய்ந்ததைச் சூட்டோடு மூடாதீர்கள், வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் ஆறியதும் மூடுங்கள். ஒரு கிலோ பயறுக்கு 5 மில்லி கடலெண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால் வண்டு முட்டை வைப்பது குறையும். துவரைக்குச் செம்மண் கட்டும் பழைய முறை இன்றும் சிறந்ததுதான். குதிரையும் மரப்பெட்டியையும் செங்கல்மேல் தூக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

விறகுக்கும் இதே வெயில்தான். ஈரவிறகு தன் வெப்பத்தில் ஒரு பகுதியை ஈரத்தை ஆவியாக்கவே செலவழித்துவிடும். சரியாக எரியாமல் எழும் புகை அடுப்படியில் இருப்பவரின் நெஞ்சுக்குள் போகும். சீமைக்கருவேல் கட்டைகளை இப்போதே பிளந்து போடுங்கள், பிளக்காத கட்டை காயாது. இரண்டு மாதத்துக்கு வேண்டியதைக் கூரையடியில், தரையில் படாமல் அடுக்குங்கள். வரட்டியும் இந்த மாதம்தான் தட்ட வேண்டும். ஐப்பசியில் தட்டினால் புழு வைக்கும். விறகடுக்கு வாசலை ஒட்டி வேண்டாம், பாம்பு வந்து தங்கும். இருட்டில் விறகெடுக்கப் போனால் டார்ச் இல்லாமல் கை வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது எதுவும் கூடாது. கை காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி இருக்கிறது என்று விற்பவர் சொல்வார். லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே உங்களுக்கு உள்ளது 900. மூன்று 9 வாட் பல்பு ஐந்து மணி நேரம், 30 வாட் மின்விசிறி ஒன்று எட்டு மணி நேரம், செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து ஓர் இரவுக்கு 400 ஆகும். இரண்டு இரவு தாங்கும். ஆனால் ஐப்பசியில் மூன்று நாள் தொடர்ந்து சூரியன் முகம் காட்டாமல் இருப்பது சாதாரணம். அதனால் மழைநாளில் விசிறியை மறந்துவிடுங்கள், குளிரும் காலம்தானே. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முனைகளில் படிந்த உப்பைச் சோடா உப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். பேட்டரி இருக்கும் அறையில் காற்றோட்டம் வேண்டும். செப்டம்பர் 23 வாக்கிலிருந்து சூரியன் தெற்கே சாய்கிறது. ஆடியில் பேனல்மேல் விழாத தெற்குப்பக்க மரத்தின் நிழல் கார்த்திகையில் விழும். அந்தக் கிளைகளை இப்போதே கழித்துவிடுங்கள்.

ஆடு மாடு கோழி வைத்திருப்பவர்கள் மழைக்கு முன் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஆட்டுக்குக் குடற்புழு மருந்தும் துள்ளுமாரித் தடுப்பூசியும், மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசியும், கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தும் விட்டுப்போயிருந்தால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வைக்கோல் போரின் உச்சியைக் கூம்பாக்கித் தண்ணீர் வழியவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் போடாதீர்கள்.

விதைப்பைப் பொறுத்தவரை, மானாவாரிக் கரிசலில் கொத்தமல்லி, கொள்ளு விதைக்கப் பருவம் வந்துவிட்டது. வீட்டுத்தோட்டத்தில் கீரையை மேட்டுப்பாத்தியில் மட்டும் போடுங்கள், தாழ்ந்த பாத்தியில் அழுகிவிடும். தக்காளி, கத்தரி நாற்றுக்கு மேலே ஒரு தடுக்கு வேண்டும். முருங்கையைக் கவாத்துச் செய்யுங்கள், காற்றில் முறியும் மரம் அது. குட்டையில் வண்டல் எடுத்து வரப்பை உயர்த்துவது ஈரம் இறங்குவதற்குள் நடக்க வேண்டிய வேலை.

உங்கள் வேலை முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கூரை ஓடுகளைச் சரிசெய்து, விறகைப் பிளந்து அடுக்கிக் கொடுங்கள். அவர்களால் ஏணி ஏற முடியாது. அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள் இதைச் செய்துவிடுங்கள்.