குபேர் அங்காடியில் ஒரு பிரெஞ்சுப் பாடம்

முதல் தடவையா ஃப்ரெண்ட்ஸோட பாண்டிச்சேரி போறீங்களா? ராஜகுளத்துல இருந்து காஞ்சிபுரம், வந்தவாசி, திண்டிவனம் வழியா போயிடலாம். அங்கே கடற்கரைப் பக்கத்துத் தெருப் பலகைகளை இங்கிலீஷ் மாதிரி படிச்சுடாதீங்க. 'ரூ' என்றால் தெரு. பிரெஞ்சில் ஒரு சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிக்காது. பலகையில் கடைசியா எஸ் இருந்தாலும் அது 'ரூ துய்மா'தான், டூமாஸ் இல்ல.

பெரிய மார்க்கெட்டை 'குபேர் அங்காடி'ன்னு சொல்றாங்களே, அது செல்வக் கடவுள் பேர் இல்ல. 1963-ல் புதுச்சேரி முதல்வரான எதுவார் கூபேர் பேர். பிரெஞ்சில் எழுதினா கடைசியில் ஒரு 'டீ' நிற்கும். மீன் வாங்க வர்ற அம்மாக்கள் எந்த கிளாஸுக்கும் போகாமலே அதைச் சரியா முழுங்கிட்டாங்க! சி, ஆர், எஃப், எல் மட்டும் கடைசியில் வந்தாலும் பல சொற்களில் ஒலிக்கும். அதனால 'போன்ழூர்' சொல்லும்போது அந்த ஆரை விட்டுடாதீங்க.