தத்தெடுத்த நாய்க்கு வயிறு சரியாகவே மாட்டேங்குதா? பணத்தை எந்த வரிசையில செலவு பண்ணணும்னு பார்ப்போம்



வழக்கமா இங்க எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு நாயோட வயித்துப்போக்கைப் பத்திப் பேசப்போறோம். சிரிக்காதீங்க. போன வருஷம் எங்க வீட்டு எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்க வெச்ச ஒரே விஷயம் அதுதான்.

நாங்க இருக்கிறது ஆவடி பக்கத்துல கோவில்பதாகை. தெருவுல ஒரு கட்டிட வேலை முடிஞ்சு, தங்கியிருந்த ஆளுங்க எல்லாம் கிளம்பிப் போனதும் ஒரு நாய்க்குட்டி மட்டும் மணல் குவியல் மேல தனியா படுத்துக் கிடந்துச்சு. நாலு மாசம் இருக்கும். எங்க பொண்ணு தூக்கிட்டு வந்துட்டா. மணின்னு பேரு வெச்சோம். காசைப் பத்திப் பேசுறவன் வீட்டு நாய்க்கு மணின்னு பேரான்னு சொந்தக்காரங்க எல்லாம் கிண்டல் பண்ணாங்க. அடுத்த ஆறு வாரத்துல அந்தப் பேரு எவ்வளவு பொருத்தம்னு எனக்கே புரிஞ்சுது.

வந்த மூணாவது நாள் வயித்துப்போக்கு ஆரம்பிச்சுது. ரெண்டு நாள் நல்லா இருக்கும், மூணு நாள் தண்ணியா போகும். ராத்திரி மூணு மணிக்கு ஹாலைக் கழுவணும். 6.2 கிலோ இருந்த குட்டி 5.4 கிலோவுக்கு இறங்கிடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில என் மனைவி, "ஏங்க, எங்கேருந்து தூக்கிட்டு வந்தோமோ அங்கேயே விட்டுடலாமா?"ன்னு கேட்டாங்க. அவங்களைத் தப்பா நினைக்காதீங்க. மூணு மணிக்கு எழுந்து கழுவினது அவங்கதான். பொண்ணு கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தா.

அன்னைக்கு ராத்திரி நான் கணக்கு நோட்டை எடுத்தேன். முதல் 40 நாள்ல ஆன செலவு இது:

டாக்டர் கட்டணம், 5 தடவை: ரூ. 2,000
ஊசி, டிரிப்ஸ்: ரூ. 2,600
மாத்திரை, சிரப்: ரூ. 1,350
நாலு பிராண்டு உணவு பாக்கெட்: ரூ. 4,200
டானிக், புரோபயாட்டிக் பவுடர்: ரூ. 1,280
மலப் பரிசோதனை: ரூ. 0
மொத்தம்: ரூ. 11,430

அந்த ஆறாவது வரியைப் பாருங்க. வயித்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு ரூபா கூட செலவு பண்ணலை. தெரியாமலே சரி பண்ண 11,430 ரூபா போயிருக்கு. இது டாக்டர் தப்பு இல்லை. ஒவ்வொரு தடவையும் வேற வேற கிளினிக்குக்குப் போனேன். போன இடத்துல எல்லாம் "நேத்துலேர்ந்துதான் சார்"னு சொன்னேன். மூணு வாரமா இருக்குன்னு நான் சொல்லியிருந்தா அவங்க வேற மாதிரி பார்த்திருப்பாங்க.

இந்தப் பதிவோட பாடம் இதுதான்: நாள்பட்ட வயித்துக் கோளாறுல நம்மளைக் காலி பண்றது பெரிய டெஸ்ட் இல்லை, சின்னச் சின்ன ஊகங்கள். அதனால எதை முதல்ல, எதை அப்புறம்னு வரிசையா பார்க்கலாம்.

1. காசைப் பார்க்கவே கூடாத நேரம்

சிக்கனம் பேசுற பதிவுலயே இதை முதல்ல சொல்றேன். கீழ இருக்கிறதுல ஒண்ணு இருந்தாலும் நோட்டை மூடிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க:

• குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வருது
• மலத்துல ரத்தம், இல்ல தார் மாதிரி கறுப்பா போகுது
• தண்ணி கூட உள்ள நிக்கலை, சோர்ந்து படுத்தே கிடக்குது
• ஈறு வெளுத்துப் போயிருக்கு, வயிறு உப்பியிருக்கு

தடுப்பூசி போடாத குட்டின்னா பார்வோ வைரஸா இருக்கலாம். அதுல ஒரு நாள் தாமதம்கூட உயிருக்கு ஆபத்து. பார்வோ தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயசுல ஆரம்பிச்சு, மூணு நாலு வார இடைவெளியில நாலு மாசம் ஆகும் வரைக்கும் போடுறது. அதுக்கு ஆகுற காசையும், பார்வோ வந்து பல நாள் அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்துற காசையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இவ்வளவு லாபமான முதலீட்டை நான் இந்தச் சேனல்ல சொன்னதே இல்லை. தெருவுலேர்ந்து எடுத்த குட்டின்னா போட்டாங்களா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. போடலைன்னே வெச்சுக்கோங்க. வயிறு சரியில்லாதப்போ எப்போ போடலாம்னு டாக்டர் சொல்லுவாரு.

இன்னொண்ணு. நம்ம வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீங்க. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு விஷம் மாதிரி வேலை செய்யலாம். பேதி நிக்கிற மாத்திரையும் டாக்டர் சொல்லாம வேண்டாம்.

2. முதல் செலவு: மலப் பரிசோதனை

புது வீட்டுக்கு வந்த பதட்டம், திடீர்னு மாறின சாப்பாடு, இதனால ஒண்ணு ரெண்டு நாள் போறது சகஜம். அதுக்கு மேல இழுத்தா, தெருக்குட்டி விஷயத்துல முதல்ல சந்தேகப்பட வேண்டியது பூச்சியும் ஒட்டுண்ணியும்தான். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும். உருண்டைப்புழு குட்டியோட சத்தைத் திங்கும். ஜியார்டியான்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இருக்கு, அது குடல்ல உட்கார்ந்துட்டு விட்டு விட்டுப் பேதியைக் கொடுக்கும்.

"நாங்கதான் பூச்சி மாத்திரை கொடுத்துட்டோமே"ன்னு நீங்க கேட்கலாம். நானும் அதையேதான் கேட்டேன். கடையில கிடைக்கிற பூச்சி மாத்திரை எல்லாமே ஜியார்டியாவைக் கொல்லாது. அதுக்கான மருந்து வேற, நாளும் அளவும் வேற.

இந்த ஜியார்டியா தினமும் மலத்துல வெளிய வராது. அதனால ஒரு நாள் டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தா நிம்மதியாகிடாதீங்க. வேற வேற நாள்ல எடுத்த மூணு மாதிரி கொடுக்கிறது நல்லது. மணிக்கு முதல் ரெண்டுலயும் ஒண்ணும் தெரியலை. மூணாவதுல மாட்டுச்சு. மூணுக்கும் சேர்த்து 900 ரூபா. மருந்து 420 ரூபா.

மருந்து மட்டும் போதாது. வெளிய வந்த கிருமி முடியில ஒட்டியிருக்கும், நாய் நக்கும், மறுபடி உள்ள போகும். அதனால மலத்தை உடனே அள்ளணும், மருந்து முடியுற நாள் குளிப்பாட்டணும், தண்ணிக் கிண்ணத்தைத் தினமும் கொதிக்கிற தண்ணியில கழுவணும், படுக்கைத் துணியை நல்லா வெயில்ல காயப்போடணும். ஆவடி வெயிலு இலவசம்தானே, பயன்படுத்திக்கோங்க! வீட்டுல குழந்தை இருந்தா கூடுதல் கவனம். கொக்கிப்புழுவோட லார்வா வெறுங்கால் வழியாவே மனுஷ உடம்புல ஏறும். அள்ளினதும் சோப்பு போட்டுக் கை கழுவுறதும், பிள்ளைங்களைச் செருப்பு போட வைக்கிறதும் அவசியம்.

3. ஒரே நேரத்துல ஒரே மாற்றம்

நாலு பிராண்டு வாங்கினேன்னு சொன்னேன்ல? ஒண்ணு கொடுத்து மூணு நாள்ல சரியாகலைன்னா அடுத்தது. அந்தத் திடீர் மாற்றமே பேதியைக் கிளப்பும்னு எனக்குத் தெரியாது. புது உணவுக்கு மாத்த ஒரு வாரம் பத்து நாள் ஆகும். முதல்ல கால் பங்கு புதுசு, முக்கால் பங்கு பழசு. அப்புறம் பாதிப் பாதி. அப்புறம் முக்கால். ஒரு ஃபண்டு மூணு மாசம் ஏறலைன்னு அடுத்த ஃபண்டுக்குத் தாவுறவரை நாம எவ்வளவு திட்டுவோம்! நானும் அதையேதான் நாய்ச் சோத்துல பண்ணியிருக்கேன்.

பூச்சியும் கிருமியும் இல்லைன்னு ஆன பிறகும் மூணு வாரத்துக்கு மேல பேதி இருந்தா, அதை நாள்பட்டதுன்னு எடுத்துப்பாங்க. அதுல நிறைய நாய்ங்களுக்கு உணவை மாத்தினாலே சரியாகும். ஆனா டாக்டர் சொன்ன உணவைத் தவிர வாயில வேற எதுவும் போகக் கூடாது. பிஸ்கட், பால், எலும்பு, சாப்பாட்டுத் தட்டுல மிச்சம், எதுவும் கூடாது. உணவு ஒத்துக்கிட்டா பெரும்பாலும் ரெண்டு வாரத்துலயே வித்தியாசம் தெரியும்.

எங்க வீட்டுல ஜியார்டியா போன பிறகும் மலம் கெட்டியாகலை. பத்து நாள் கழிச்சுதான் காரணம் பிடிபட்டுச்சு. எங்க அம்மா. தினமும் சாயங்காலம் டீ குடிக்கும்போது மேரி பிஸ்கட்டைப் பால்ல நனைச்சு யாருக்கும் தெரியாம ஊட்டியிருக்காங்க. "பச்சப்புள்ள மாதிரி பார்க்குதுடா, எப்படிடா நான் மட்டும் திங்கிறது?"ன்னாங்க. வளர்ற நாய்க்குப் பால் செரிக்கிற சக்தி குறைஞ்சுக்கிட்டே போகும். பல நாய்ங்களுக்குப் பாலே பேதியைக் கொடுக்கும். அதைச் சொல்லிப் புரிய வெச்சேன். இப்போ அதே நேரத்துக்கு மணியோட உணவுலேர்ந்தே பத்து துண்டு எடுத்து அம்மா கையில கொடுத்துடுறோம். ஊட்டுற சந்தோஷம் அவங்களுக்கு, வயிறு அதுக்கு.

வேகவெச்ச கோழியும் சோறும் ரெண்டு மூணு நாளைக்கு ஓகே. அதையே மாசக்கணக்குல கொடுத்தா வளர்ற குட்டிக்குக் கால்சியம் மாதிரி சத்து பத்தாது.

4. அடுத்த கட்ட டெஸ்ட் எப்போ?

இவ்வளவும் சரியா பண்ணியும் எடை இறங்கிட்டே போகுதா? இப்போதான் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் மாதிரி செலவுக்கு அர்த்தம் இருக்கு. நல்லா சாப்பிட்டும் எலும்பும் தோலுமா இருந்து, மலம் நிறைய, எண்ணெய்ப் பசையா வந்தா, கணையம் செரிமான நொதி சுரக்காத கோளாறா இருக்கலாம். அதுக்குத் தனி ரத்தப் பரிசோதனை இருக்கு, உணவோட கலந்து கொடுக்கிற நொதிப் பவுடரும் இருக்கு. ஆனா வாழ்நாள் முழுக்கக் கொடுக்கணும். அது ஒரு தடவைச் செலவு இல்லை, மாசச் செலவு.

பேதின்னாலே ஆன்டிபயாடிக் எழுதித் தாங்கன்னு நாமளா கேட்க வேண்டாம். சாதாரணப் பேதிக்கு அது தேவையில்லைன்னுதான் இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லுது. குடல்ல இருக்கிற நல்ல கிருமிகளையும் அது அழிக்கும்.

பெரிய டெஸ்ட்னா வேப்பேரியில இருக்கிற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை மறந்துடாதீங்க. 1903-ல ஆரம்பிச்ச கல்லூரி. இப்போ தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துல இருக்கு. ஆவடியிலேர்ந்து 20 கிலோமீட்டருக்கு மேல, வரிசையில காத்திருக்கணும், அரை நாள் போயிடும். ஆனா துறை வாரியா டாக்டருங்க ஒரே வளாகத்துல இருக்காங்க, கட்டணமும் தனியாரைவிடக் குறைவு. புறநோயாளி நேரத்தை விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

5. டாக்டர்கிட்ட கொண்டு போக வேண்டிய ரெண்டு விஷயம்

ஒண்ணு, டைரி. தேதி, என்ன சாப்பிட்டுச்சு, எத்தனை தடவை போச்சு, எடை எவ்வளவு. மலத்துக்கு 1 லிருந்து 7 வரைக்கும் மார்க் போடுங்க. 1-ன்னா கல்லு மாதிரி, 7-ன்னா தண்ணி. கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சளியோட போகுதா, இல்ல நிறைய போய் எடை இறங்குதான்னும் எழுதுங்க. கோளாறு பெருங்குடல்லயா சிறுகுடல்லயான்னு டாக்டருக்கு அது துப்பு கொடுக்கும்.

ரெண்டு, உங்க பட்ஜெட். "டாக்டர், இன்னைக்கு என்னால 2,000 ரூபாதான் முடியும். எதை முதல்ல பண்ணலாம்?"னு நேரா கேளுங்க. இதுல வெட்கம் ஒண்ணும் இல்லை. நான் கேட்டப்போ டாக்டரம்மா டானிக் ரெண்டையும் அடிச்சுட்டு மலப் பரிசோதனையை எழுதினாங்க. ஒரே டாக்டர்கிட்டயே தொடர்ந்து போங்க.

6. மணிக்கு ஒரு தனி ஃபண்டு

நாய்க்கான இன்ஷூரன்ஸ் நம்ம நாட்டுலயும் கிடைக்குது. ஆனா பாலிசி எடுக்கும்போதே இருக்கிற நோய்க்குப் பொதுவா கவர் கிடையாது, காத்திருப்புக் காலமும் உண்டு. பேதி ஆரம்பிச்ச பிறகு பாலிசி தேடினா பிரயோஜனம் இல்லை. அதனால நாமளே சேர்க்கணும். மாசம் 1,000 ரூபா, தனி சேமிப்புக் கணக்குல இல்ல ஆர்.டி.யில. வருஷத்துக்கு 12,000. சாப்பாட்டுச் செலவு இதுல சேராது, தடுப்பூசியும் திடீர் ஆஸ்பத்திரிச் செலவும் மட்டும். எந்த நிமிஷமும் தேவைப்படலாம், அதனால ஷேர் மார்க்கெட் பக்கம் இந்தப் பணத்தைக் கொண்டு போகாதீங்க.

இப்போ என் மனைவி கேட்ட கேள்விக்கு வருவோம். "இவ்வளவு செலவு பண்ணியாச்சே"ங்கிறது மணியை வெச்சுக்க ஒரு காரணம் இல்லை. விட்டுடவும் அது காரணம் இல்லை. போன 11,430 ரூபா போனதுதான், திரும்ப வராது. பார்க்க வேண்டியது இனிமே மாசம் எவ்வளவு ஆகும், அதை நம்மளால தாங்க முடியுமாங்கிறதை மட்டும்தான். அன்னைக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் அதை எழுதிப் பார்த்தோம். முடியும்னு தெரிஞ்சுது. உங்க கணக்குல முடியாதுன்னு வந்தா, தெருவுல விடாதீங்க. வீட்டுச் சோத்துக்குப் பழகின நாய்க்குத் தெரு பிழைப்பு தெரியாது. நோயை மறைக்காம சொல்லி, பார்த்துக்க முடிஞ்சவங்க கையில ஒப்படைங்க.

மணி இப்போ 13 கிலோ. மழைக்காலத்துல இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் வயிறு கெடும். அப்போ டைரியை எடுக்கிறோம், பர்ஸை இல்லை. ராத்திரி மூணு மணிக்கு எழுப்புது, ஆமா. இப்போ எல்லாம் தெருவுல யாராவது நடந்தா குரைக்கிறதுக்காக.

கணக்கு நோட்டோட பக்கங்களை நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன், பாருங்க. இன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க. முதல் பக்கத்துல உங்க நாயோட எடையை எழுதுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.