அடுக்குமாடிப் பழுதுவேலையும் சிறு காண்ட்ராக்டரும்

1970-ஆம் ஆண்டில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் என்ற பெயரில் தோன்றி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய ஸ்தாபனம் ஏழை மக்களுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்புகளில் பழையவை பல, கூரை உதிர்ந்தும் சுவர் கசிந்தும் நிற்கின்றன. அரசாங்கப் பணத்தில் நடைபெறும் அவற்றின் பழுதுவேலை டெண்டர் மூலமாக விடப்படுவது. மேஸ்திரியாக இருந்து பிரயாசையால் முன்னுக்கு வந்த சிறு காண்ட்ராக்டர்கள் எடுத்துச் செய்யத் தக்கது. ஆயினும் அவர்களிடையே வழங்கும் சில அபிப்பிராயங்கள் அவர்களுக்கும், அந்தக் கூரைகளின் கீழ் வாழும் குடும்பங்களுக்கும் தீங்கு விளைவிப்பதால், அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வது அவசியமாகிறது.

நம்பிக்கை: ‘டெண்டர் பெரிய மனிதர்களுக்கு, சிறியவனுக்கு அங்கே இடமில்லை.’

உண்மை: எவ்வளவு மதிப்புள்ள வேலைக்கு யார் உரியவர் என்று காண்ட்ராக்டர்கள் வகுப்புவாரியாகப் பதிவு செய்யப்படுவதால், சிறிய வேலைகளுக்குக் கீழ்வகுப்பில் பதிவு பெற்றவரும் போட்டியிடலாம். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், டெண்டர் பத்திரத்தில் முன்கூட்டியே சொல்லப்பட்ட அம்சங்களைக் கொண்டே குறைந்த விலையை நிர்ணயிக்க வேண்டும் என்று விதிப்பதோடு, முடிவினால் பாதிக்கப்பட்டவர் உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள் அரசாங்கத்திடம் மேல்முறையீடு செய்யவும் இடமளிக்கிறது. செல்வாக்கு எங்கும் தலையிடுவதில்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அந்த மேல்முறையீட்டு உரிமை டெண்டர் போட்டவருக்கே உண்டு, போடாமல் ஒதுங்கியவருக்கு இல்லை.

நம்பிக்கை: ‘உத்யம் சான்றிதழ் இருந்தால் ஈ.எம்.டி. கட்ட வேண்டாம்.’

உண்மை: அரசாங்கக் கொள்முதலில் சிறுதொழில்களுக்குத் தரப்படும் சலுகைகள் பொருள்களையும் சேவைகளையும் அளிப்போருக்காக ஏற்பட்டவை, கட்டட வேலை ஒப்பந்தங்களுக்கு அவை பொதுவாகப் பொருந்துவதில்லை. உத்யம் என்னும் சிறுதொழில் பதிவுச் சான்றிதழை மட்டும் இணைத்து, ஈ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகையைச் செலுத்தாமல் விட்ட டெண்டர், அதிலுள்ள விலை எவ்வளவு நியாயமானதாயினும் தள்ளுபடியாகவே நேரும்.

நம்பிக்கை: ‘பில் தொகை முழுதும் கைக்கு வரும்.’

உண்மை: வரி நீங்கலாக 10 லட்சம் ரூபாய்க்குப் பில் போடும் தனிநபரிடம் வருமான வரிக்காக 1 சதவீதம், அதாவது 10,000 ரூபாயும், ஒப்பந்தம் 2.5 லட்சத்துக்கு மேற்பட்டதாதலால் ஜி.எஸ்.டி. கணக்கில் 2 சதவீதம், அதாவது 20,000 ரூபாயும் பிடிக்கப்படும். இவை வீணாவதில்லை, முறையாகக் கணக்குத் தாக்கல் செய்தால் வரியில் ஈடாகும். ஆனால் அதுவரையிலும், பராமரிப்புக் காலம் முடியும் மட்டும் நிறுத்திவைக்கப்படும் காப்புத்தொகை திரும்பும் வரையிலும், சனிக்கிழமைதோறும் கூலி கொடுப்பதற்கான பணம் காண்ட்ராக்டரின் கைமுதலிலிருந்தே வரவேண்டும். அந்தக் கைமுதலுக்குக் கந்துவட்டி கொடுப்பவர் அதையும் சேர்த்தல்லவா விலை போடவேண்டும்?

நம்பிக்கை: ‘பழுதுவேலைதானே, எஸ்டிமேட்டுக்கு 20 சதவீதம் கீழே போட்டாலும் கட்டுப்படியாகும்.’

உண்மை: இதுவே எல்லாவற்றினும் அபாயகரமானது. கூரைக் காங்கிரீட் பெயர்ந்த இடம் கண்ணுக்கு ஒரு முழமாகத் தெரிந்தால், சுத்தியலால் தட்டும்போது பொள்ளலாக ஒலிக்கும் இடம் அதைச் சுற்றி இன்னும் பரந்திருக்கும். அவ்வளவையும் கொத்தியெடுத்து, துருவேறிப் பருத்த கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, இளைத்துப்போன கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, பழைய காங்கிரீட்டும் புதிய கலவையும் பற்றிக்கொள்வதற்கான பூச்சும் கொடுத்த பிறகே மேற்பூச்சுக்கு வரவேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு மணலும் சிமெண்டும் தலைச்சுமையாக ஏறவேண்டும். இடிபாடுகள் அவ்வாறே இறங்கவேண்டும். இத்தனையும் சமையலும் படிப்பும் நடக்கும் ஒற்றை அறையில் நிகழவேண்டும். மூடப்பட்டுவிடும் கம்பிவேலையை, மூடுமுன்பே பொறியாளரைக் கொண்டு அளந்து எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் ஏற்றாவிட்டால் அதற்குப் பணம் கேட்க வழியில்லை. மிகவும் தாழ்த்திப் போட்டவர் இவற்றில் எதையேனும் விட்டாக வேண்டும். விடப்படுவது கண்ணில் படாத கம்பிவேலையே. சில மழைக்காலங்களில் துரு மீண்டும் வீங்கிப் பூச்சைத் தள்ள, அது குழந்தை படுத்திருக்கும் பாயின்மேல் விழுகிறது.

ஆகவே சிறு காண்ட்ராக்டர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: விலை எழுதுமுன் சுத்தியலோடு அந்த மாடிகளில் ஏறி ஒவ்வொரு கூரையையும் தட்டிப் பாருங்கள்; கூலியும் சுமையும் வரியும் வட்டியும் சேர்த்துக் கணக்கிடுங்கள்; அந்தக் கணக்குக்குக் கீழே ஒரு ரூபாயும் இறங்காதீர்கள். அப்படிப் போட்ட விலையில் வேலை கிடைக்காமற் போனால், அடுத்த டெண்டருக்குக் கைமுதலாவது மிஞ்சும்.