கைபேசி வழி மோசடிகளை அறிதலும் தவிர்த்தலும்



விதை வாங்கும்போது மூட்டையில் நீல நிறச் சான்று அட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம். காலாவதி நாளையும் பார்க்கிறோம். ஆனால் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் செய்திகளை அவ்வாறு சோதிப்பதில்லை.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த உழவர் ஒருவர், கறவைப் பசு ஒன்றை 45,000 ரூபாய்க்கு விற்பதாக முகநூலில் படத்துடன் அறிவித்திருந்தார். பட்டாளத்தில் பணிபுரிவதாகக் கூறிய ஒருவர் போனில் பேசினார். மாட்டைப் பார்க்கவில்லை, பேரமும் பேசவில்லை. முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் கோடு அனுப்பினார். "இதை ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றார். உழவரும் அவ்வாறே செய்தார். வரவேண்டிய 20,000 ரூபாய் அவர் கணக்கிலிருந்து போய்விட்டது. அது நடவுக் கூலிக்கு வைத்திருந்த பணம். வெட்கத்தால் வீட்டிலும் சொல்லாமல் நான்கு நாட்கள் இருந்துவிட்டார். அதற்குள் பணம் வேறு கணக்குகளுக்கு மாற்றி எடுக்கப்பட்டுவிட்டது.

அறிகுறிகள்

1. விற்பவரிடம் பின் நம்பர் கேட்பது: பணம் கொடுப்பவர்தான் பின் நம்பர் போட வேண்டும். பெறுபவர் போடத் தேவையே இல்லை. கியூஆர் கோடை ஸ்கேன் செய்வதும் பணம் செலுத்துவதற்கே ஆகும். இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் பாதி மோசடிகளிலிருந்து தப்பலாம்.

2. தவறுதலாகப் பணம் வந்ததாகக் கூறுவது: "20,000 ரூபாய் தவறி வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள்" என்று அழுது கேட்பார்கள். வரவு வைத்ததாக வந்த குறுஞ்செய்தி போலியாக இருக்கலாம். எனவே குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கின் இருப்பைப் பார்க்கவும். உண்மையிலேயே பணம் வந்திருந்தால் வங்கியில் சொல்லி, வங்கி மூலமாகவே திருப்பவும்.

3. அரசுத் திட்டத்தின் பெயரில் வரும் கோப்பு: பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது. "உங்கள் தவணை நின்றுவிட்டது, இந்தச் செயலியைப் பதிவிறக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரலாம். பெயரின் முடிவில் ஏ.பி.கே. என்ற எழுத்துகள் இருந்தால் தொடவே வேண்டாம். அதை நிறுவினால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணை மோசடிக்காரர் இருந்த இடத்திலிருந்தே படித்துவிட முடியும்.

4. அவசரப்படுத்துவது: "இன்றே கடைசி நாள்", "பாதி விலையில் டிராக்டர், முன்பணம் கட்டினால் உங்களுக்கே" என்பார்கள். சந்தையில் இல்லாத விலை கைபேசியிலும் இல்லை.

தடுப்பு முறைகள்

* மாடு, டிராக்டர், பம்புசெட் எதுவானாலும் நேரில் பார்த்த பிறகே பணம் கொடுக்கவும். டிராக்டரானால் பதிவுச் சான்றையும் சரிபார்க்கவும்.
* விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றை உரிமம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்கவும். ரசீது இல்லாவிடில் முளைக்காத விதைக்கு யாரிடம் கேட்பது?
* பி.எம். கிசான் குறித்த ஐயங்களுக்கு உதவி வேளாண்மை அலுவலரையோ பொது சேவை மையத்தையோ அணுகவும்.
* பின் நம்பர், ஓ.டி.பி. ஆகியவற்றை வங்கி அதிகாரி என்று சொல்பவரிடமும் கூற வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்

உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவும். பணம் சென்ற நேரம், தொகை, வங்கியின் பெயர், 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சொல்லவும். பணம் மோசடிக்காரர் கணக்கில் இருக்கும்போதே தகவல் சென்றால் அதை முடக்க வாய்ப்புண்டு. எனவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அடுத்து உங்கள் வங்கிக்கும் தெரிவிக்கவும். செயலி எதையேனும் நிறுவியிருந்தால் முதலில் கைபேசியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து அழைக்கவும்.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை. படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். மேலே சொன்ன உழவர் இன்று தம் ஊர்க் கூட்டங்களில் தமக்கு நேர்ந்ததைத் தாமே எடுத்துச் சொல்கிறார். நீங்களும் இச்செய்தியைப் பக்கத்து வயல்காரரிடமும், கைபேசி வைத்திருக்கும் உங்கள் வீட்டாரிடமும் சொல்லுங்கள். பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் காப்பதும் வேளாண்மையில் ஒரு பகுதியே ஆகும்.