பருத்தி இலை சிவந்தால் கைபேசிப் படம் போதுமா?

1960-களில் வானொலி வழியே தஞ்சையில் பரவிய ஆடுதுறை 27-க்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. இன்று காட்டில் நின்றபடியே 1800-180-1551 எண்ணில் தமிழில் யோசனை கேட்கலாம்; கட்டணம் இல்லை. நல்ல வசதிதான்.

ஆனால் படத்தை மட்டும் நம்பினால் கைநட்டம். வன்னியம்பட்டி வட்டாரத்தில் பருத்தி இலை சிவந்தால் உடனே மருந்தைத் தேட வேண்டாம். நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி சிவந்தால் அது மக்னீசியம் பற்றாக்குறையாக இருக்கலாம். ஓரம் மஞ்சளாகி, கீழ்நோக்கிச் சுருண்டு சிவந்தால் தத்துப்பூச்சி. இலையைத் திருப்பினால் பக்கவாட்டில் ஓடும் பச்சைநிறக் குஞ்சுகள் தெரியும். மேற்புறப் படத்தில் இவை விழா. சத்துக்குறைவுக்குப் பூச்சிமருந்து அடித்தால் மருந்தும் கூலியும் வீண். அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சாகும்.

அடிப்புறத்தையும் படமெடுத்து, செடியின் வயது, இட்ட உரம், பாய்ச்சிய தண்ணீர் ஆகியவற்றைச் சொல்லிக் கேட்கவும். மருந்து வாங்குமுன் இலையையே வேளாண்மை அலுவலரிடம் காட்டவும்.