பிள்ளை வளர்ப்பும் பணிவிடையே

அய்யா துணை

அதிகாலை நாலரை மணி. ஒரகடம் கூட்டுரோட்டுக்கு அருகே ஒரு லைன் வீட்டில் விளக்கு எரிகிறது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பம் அது. தாய் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்குச் சாலைக்கு வந்தாக வேண்டும். தகப்பன் நைட் ஷிப்ட் முடிந்து வீடு சேர ஏழரை ஆகும். நடுவில் இருக்கும் இரண்டரை மணி நேரம் மூன்று வயதுப் பிள்ளை யார் கண்ணில் இருக்கும்? பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். ஆனால் சில வாரங்களில் அந்த அக்காவுக்கும் அதே ஷிப்ட் வந்துவிடும். அந்த வாரங்களில் தூங்கும் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிற வீடுகளும் உண்டு.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழிற்பகுதியில், கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய அன்புக்கொடி மக்கள் பலர் இப்படித்தான் பிள்ளை வளர்க்கிறார்கள். ஊரில் என்றால் ஆச்சி உண்டு, தாத்தா உண்டு, சித்தி உண்டு. தெருவில் இறங்கிய பிள்ளை தெருவுக்கே பிள்ளை. இங்கே அந்தக் கண்கள் இல்லை. ஆகவே ஊரில் தானாக நடந்ததை இங்கே யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

பதியிலும் தாங்கலிலும் பணிவிடை செய்வோர் வேளை தவறுவதில்லை, தூய்மை குறைய விடுவதில்லை, சலிப்புக் காட்டுவதில்லை. வீட்டில் வளரும் பிள்ளைக்கும் இதே மூன்றும் தேவை. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத எளியோரைக் காப்பதே தருமம் என்று அய்யா உபதேசித்தார். ஒரு வீட்டில் எல்லோரையும் விட எளியவர் சின்னப்பிள்ளைதான்.

முதற்பாடம்: யார் கண்ணில் பிள்ளை?

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பத்து நிமிடம்கூடத் தனியே பூட்டி வைக்கக் கூடாது. பூட்டிய வீட்டில் தீப்பற்றினாலும், பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்தாலும், வெளியே இருப்பவர் உள்ளே போக வழியில்லை. ஏழு வயது அக்காவிடம் இரண்டு வயதுத் தம்பியை ஒப்படைப்பதும் காவல் ஆகாது. அவளும் பிள்ளைதான்.

கணவனும் மனைவியும் மாதத் தொடக்கத்திலேயே இருவரின் ஷிப்ட் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தெந்த நாளில் இடைவெளி விழுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். அந்த நாட்களுக்கு யார் வருவார் என்று முன்னதாகப் பேசி வைக்கலாம். வேலையிடத்தில் ஷிப்ட் மாற்றிக் கேட்கவும் நேரம் இருக்கும்.

சட்டம் தந்திருக்கும் உதவியையும் அறிந்திருக்க வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. வேலைக்குச் சேரும்போதே இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அரசு அங்கன்வாடி இருக்கிறது. சொந்த ஊர் வேறு என்பதால் அங்கே சேர்க்க மாட்டார்கள் என்று எண்ணிச் சிலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். குடியிருக்கும் இடத்தில் உள்ள அங்கன்வாடிக்கே போய்க் கேட்க வேண்டும்.

தடுப்பூசி அட்டை ஊரில் அம்மா வீட்டுப் பெட்டியில் இருந்தால் பயன் இல்லை. ஒன்பதாம் மாதத்திலும், பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள்ளும் போட வேண்டிய தட்டம்மை, ரூபெல்லா ஊசிகள் இடம்பெயரும் குடும்பங்களில்தான் எளிதில் விட்டுப்போகும். மாசித் திருநாளுக்கு ஊர் போனாலும் அட்டை கூடவே போய்க் கூடவே வர வேண்டும்.

இரண்டாம் பாடம்: துவையல் தவசு சொல்வது

வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் துவையல் தவசு இருந்ததை அன்புக்கொடி மக்கள் அறிவார்கள். நாள்தோறும் குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, உடலும் உள்ளமும் தூய்மையாய் வாழ்ந்த தவம் அது. அந்தப் பாடம் இந்தப் பகுதியின் வீடுகளுக்கு இன்றும் பொருந்துகிறது.

பெயிண்ட் பிரிவிலும், வெல்டிங்கிலும், பேட்டரி வேலையிலும் இருப்போரின் சட்டையில் எண்ணெயும் உலோகத்தூளும் ஒட்டியே வரும். வாசலில் ஓடிவரும் பிள்ளையை அப்படியே தூக்கி நெஞ்சோடு அணைத்தால், அந்தத் தூள் பிள்ளையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும். முதலில் கைகால் முகம் கழுவி, உடை மாற்ற வேண்டும், பிறகே பிள்ளை. வேலை உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

வீட்டுக்குள் நேரும் ஆபத்துகள் பெரும்பாலும் அன்றாடப் பொருள்களால் வருபவை. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், தின்னர், கழிவறை ஆசிட் இவற்றைப் பிள்ளை தண்ணீர் என்றே எண்ணும். இவற்றை அவற்றுக்குரிய டப்பாவிலேயே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம்.

தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைக்கும் வாளியும் டிரம்மும் லைன் வீடுகளில் எப்போதும் இருக்கும். தத்தி நடக்கும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் கால்வாளி தண்ணீரே உயிரைப் பறிக்கப் போதும், சத்தம்கூட வராது. வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். டிரம்மை மூட வேண்டும். வாளியில் ஹீட்டர் ராடு போட்டுச் சுடுதண்ணீர் வைக்கும் வீட்டில், சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ராடை வெளியே எடுக்கும் வரை யாராவது ஒருவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

சுட்டுக்கொண்டால் பற்பசையும் மையும் மாவும் மருந்தல்ல. குழாயில் ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முழு வேர்க்கடலையும், புளியங்கொட்டை, சப்போட்டா விதை போன்றவையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும்.

மூன்றாம் பாடம்: வாசலுக்கு வெளியே

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையிலும், சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றை விட நெருக்கமான ஆபத்து, காம்பவுண்டுக்குள் பின்னோக்கி வரும் தண்ணீர் லாரி. ஓட்டுநரின் கண்ணுக்குச் சின்னப்பிள்ளை தெரியாது. லாரி உள்ளே வந்ததும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்வதைக் காம்பவுண்டுக்கே வழக்கமாக்கிவிடலாம்.

பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை உட்கார வைப்பது பாசம்தான், காவல் அல்ல. 2023 பிப்ரவரி 15 முதல், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளையை இருசக்கர வண்டியில் கூட்டிச்செல்லும்போது ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், பிள்ளைக்கேற்ற ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி நடப்பில் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பும். மண் அள்ளிய பள்ளங்களும் கட்டடத்துக்குத் தோண்டிய குழிகளும் குளம்போல் ஆகிவிடும். மேலே பார்க்க முழங்கால் ஆழம் போல் தெரியும். உள்ளே ஆள் ஆழம் இருக்கும். மழைக்காலம் தொடங்கும்போதே வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து, மூடாத குழியும் செப்டிக் டேங்கும் எங்கே இருக்கின்றன என்று அறிந்து, வீட்டுக்காரரிடம் சொல்லி மூட வைக்க வேண்டும்.

நான்காம் பாடம்: தலைப்பாகையின் பொருள்

தலை நிமிரக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னவர் அய்யா. மனிதனுக்கு மானம் உண்டு என்று நிலைநாட்டியது அந்தத் தலைப்பாகை. அந்த மானம் மூன்று வயதுப் பிள்ளைக்கும் உண்டு.

பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்து, மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கி வரும் ஒருவர், வீட்டில் பிள்ளை பாலைக் கொட்டியதும் கை ஓங்குகிறார். அந்த அடி கொட்டிய பாலுக்காக விழுந்ததல்ல. வெளியே காட்ட முடியாத கோபம், திருப்பி அடிக்க முடியாதவர் மேல் இறங்குகிறது. கலி வீட்டுக்குள் நுழையும் வாசல்களில் இது ஒன்று. சிங்காரத்தோப்புச் சிறையில் அத்தனை கொடுமைக்கும் பொறுமையையே பதிலாகத் தந்தவரின் மக்கள், ஒரு டம்ளர் பாலுக்குப் பொறுமை இழக்கலாகாது.

கோபம் வரும்போது செய்ய ஒரு வழி உண்டு. பிள்ளையை ஆபத்தில்லாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு, வாசல்வரை போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, அய்யாவை நினைத்து, மூச்சு அடங்கிய பிறகு திரும்பி வர வேண்டும். பிறகு, "ஓடாதே" என்பதை விட "மெல்ல நட" என்று சொல்வது பிள்ளைக்கு விளங்கும். "சட்டை போடு" என்று அதட்டுவதை விட "சிவப்பா, நீலமா?" என்று கேட்டால் பிடிவாதம் தளரும். நல்லது செய்தபோது உடனே பாராட்ட வேண்டும். பிறர் முன்னால் "மக்கு", "சனியன்" என்று திட்டினால் பிள்ளை திருந்தாது. தலை குனியத்தான் கற்றுக்கொள்ளும்.

தகப்பன் பகலில் தூங்குவதும் தாய் இரவில் இல்லாததும் பிள்ளைக்குப் புதிர். தாய் தன்னை விட்டுப் போய்விட்டாள் என்றே அது நினைக்கக்கூடும். காலண்டரில் தாய் வீட்டில் தூங்கும் நாளுக்கு நிலாவும், பகலில் இருக்கும் நாளுக்குச் சூரியனும் வரைந்து காட்டலாம். சொல்லாமல் நழுவிப் போகக் கூடாது. சொல்லிவிட்டு, முத்தம் கொடுத்துவிட்டுப் போனால் பிள்ளை கொஞ்ச நேரம் அழும். ஆனால் போனவர் திரும்பி வருவார் என்று நம்பக் கற்றுக்கொள்ளும்.

ஐந்தாம் பாடம்: கண்ணாடி காட்டுவது

பள்ளியறையில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி இருக்கிறது. வீட்டில் பெற்றோருக்குப் பிள்ளையே கண்ணாடி. தகப்பன் சோற்றுத்தட்டின் முன் செல்போன் பார்த்தால் பிள்ளையும் கேட்கும். அவர் குடித்துவிட்டுச் சத்தமிட்டால் அதே சத்தம் பிள்ளையின் விளையாட்டில் வரும்.

இரண்டு வயதுக்கு முன் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் சொன்னது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெற்றோரின் ஷிப்ட் மாறினாலும் பிள்ளையின் தூக்க நேரம் மாறக் கூடாது.

முத்திரிக் கிணற்றில் எல்லோரும் ஒரே தண்ணீரில் குளித்தார்கள். இன்று அதே லைன் வீட்டில் பீகார், ஒடிசா பிள்ளைகளும் இருக்கிறார்கள். "அவங்களோட சேராதே" என்று ஒரு வார்த்தை சொன்னால், அய்யா மூடிய பிளவை வீட்டுக்குள் மறுபடி திறந்ததாகும். மொழி தெரியாமலே பிள்ளைகள் ஒன்றாய் விளையாடுவார்கள்; பெரியவர்கள் தடுக்காமல் இருந்தால் போதும்.

ஆறாம் பாடம்: பிள்ளையின் உடம்பு பிள்ளைக்கே

பலரிடம் பிள்ளையை விட்டுப் போகும் இடத்தில் இதைப் பேசாமல் இருக்க முடியாது. பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் அல்ல. உறவினராக, பழகியவராக, நம்பி ஒப்படைத்தவராகவே இருப்பார்.

மூன்று வயதிலிருந்தே குளிப்பாட்டும்போது சொல்லிக் கொடுக்கலாம்: உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது, தொட்டால் "வேண்டாம்" என்று கத்தலாம், அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். மாமா மடியில் உட்கார மாட்டேன் என்று பிள்ளை மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. ஒருவரிடம் போக மாட்டேன் என்று திடீரென்று அழுதால், பழைய ஈரம் மீண்டும் படுக்கையில் வந்தால், பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பிள்ளை சொன்னால் நம்ப வேண்டும். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்கக் கூடாது. "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்பதே முதல் வார்த்தை. குடும்ப மானம் என்று மூடி மறைப்பது தருமம் அல்ல. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இரவிலும் பகலிலும் அழைக்கலாம். தாங்கலில் பெரிய மனிதராக மதிக்கப்படுபவர் மீதே புகார் வந்தாலும் இதே நியதிதான். மானம் போவது தீங்கு செய்தவருக்கே, பிள்ளைக்கு அல்ல.

நிழல் தருவது தாங்கல்

நிழல்தாங்கல்கள் பழைய நாளில் வழிபாட்டோடு பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தரும் இடமாகவும் இருந்தன. பசித்தவருக்கு அன்னம் தந்தன. இன்று இந்தப் பகுதியில் கூடும் அன்புக்கொடி மக்கள் ஞாயிறு பணிவிடை முடிந்து கஞ்சி குடிக்கும் நேரத்தில் ஒரு பேச்சைத் தொடங்கலாம்: இந்த வாரம் யாருக்கு எந்த ஷிப்ட், யார் வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் இல்லை, யாரால் இரண்டு மணி நேரம் தர முடியும்? ஒரு வீட்டில் ஒருவர் தனியே பார்ப்பதை விட, இரண்டு மூன்று குடும்பங்கள் கதவைத் திறந்து வைத்துச் சேர்ந்து பார்ப்பது பிள்ளைக்கும் பார்ப்பவருக்கும் பாதுகாப்பு.

நாலரை மணிக்கு விளக்கெரிந்த அந்த வீட்டின் இரண்டரை மணி நேரத்தை அப்படி நான்கு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டால், எந்தக் கதவுக்கும் வெளியிலிருந்து பூட்டு வேண்டியிருக்காது. அந்த இரண்டரை மணி நேரமும் அய்யாவுக்குச் செய்த பணிவிடையே.

அய்யா உண்டு.